கதிர்காமத்தம்பியின் மின்சாரம்

நோர்வேயில், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மின்சாரக் கொம்பனியை மாற்ற வேண்டும் என்று எண்ணம் வந்தால், கணினியைத் திறப்பதற்கு முன் இராஜேஸ்வரியின் கதவைத் தட்டுவார்கள். 'மாத்திற அக்கா' என்றால்தான் பலருக்கு அவளைத் தெரியும். புதிதாகக் குடிவந்த ஒருத்தி, "என்னத்தை மாத்திறவ? காசோ, சாதகமோ?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. சாதகத்தை மாற்றும் வல்லமை இருந்திருந்தால் இராஜேஸ்வரி அதையும் சும்மா விட்டிருக்க மாட்டாள். அவளுக்கு வாய்த்தது மின்சாரம். பதினெட்டு வருடத்தில் தன் வீட்டுக்குப் பதினொரு தடவை கொம்பனி மாற்றியிருக்கிறாள். அயலுக்கும் உறவுக்கும் மாற்றிக் கொடுத்தது எத்தனை என்று அவளுக்கே ஞாபகமில்லை. கூலி வாங்குவதில்லை. போதாததற்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து அனுப்புவாள்.

இந்த வித்தையை அவள் பழகியது ஒரு கூத்து. 2003 தொடக்கத்தில் மின்சார விலை மளமளவென்று ஏறிய ஒரு குளிர்காலம். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒரு வெள்ளைக்காரி, "நீ ஏன் இன்னும் கொம்பனியை மாற்றவில்லை?" என்று கேட்டாள். மின்சாரத்தை மாற்றுவதா! ஊரில் மின்சாரம் என்றால் வரும், அல்லது வராது. எந்த மின்சாரம் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அதிசயப்பட்டுக்கொண்டே படிவத்தை நிரப்பி அனுப்பினாள். மாறுகிற திகதியும் கடிதத்தில் வந்தது. அதற்கு முதல் நாளே சோறு கறி சமைத்து வைத்தாள். வாளிகளில் தண்ணீர் நிரப்பினாள். குளிர்ப்பெட்டியிலிருந்த மீனையெல்லாம் எடுத்துப் பின்வளவுப் பனிக்குள் புதைத்தாள். குத்துவிளக்குக்குத் திரியும் போட்டு வைத்தாள். பழைய கொம்பனிக்காரன் வந்து கம்பியைக் கழற்றுவான், புதியவன் வந்து பூட்டுவான், இடையில் எத்தனை மணித்தியாலம் போகுமோ என்பது அவள் பயம். வருகிறவர்கள் சறுக்கி விழுந்துவிடக் கூடாதென்று கணவர் ஸ்ரீஸ்கந்தராசா வாசல் பனியை வழித்து உப்பும் தூவினார்.

ஒருவரும் வரவில்லை. பல்பு ஒருதடவை கண் சிமிட்டக்கூட இல்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பொறுமை கெட்டு, புதிய கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, "எப்போது மாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். "எப்போதோ மாற்றியாயிற்றே," என்றார்கள். ஓடிப்போய்ப் பனியைக் கிளறினால், புதைத்த மீனில் பாதியை நரி கொண்டுபோயிருந்தது.

அன்றைக்குப் பிடித்த வெறி. விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கம்பியும் மீற்றரும் ஒரு கொம்பனியுடையவை. அவை அசையா, அந்தக் கொம்பனியை நாம் தெரிந்தெடுக்கவும் முடியாது. மின்சாரத்தை விற்கிறவன் வேறு ஆள். அவனை மாற்றலாம். பழையவனிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டிய மரியாதையும் இல்லை, புதியவனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். மீற்றரின் பதினெட்டு இலக்க எண் பிசகக் கூடாது. பெயர் பதிவேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். அவளுக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: தானாக ரெலிபோன் எடுத்து விற்க வருகிறவனிடம் ஆம் என்ற பொருளில் நூறு தரம் 'யா' என்று சொன்னாலும், எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை அது செல்லாது. நம் சனத்துக்கு இது எவ்வளவு பெரிய காப்பு என்பது நமக்குத்தான் தெரியும். எதிரில் ஒருவர் கதைத்தால் இடையிடையே 'ஓம், ஓம்' என்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அதையே நோர்வே மொழியில் 'யா, யா' என்று போட்டு, எத்தனை பேர் வேண்டாத கொம்பனிகளுக்கெல்லாம் வாடிக்கையாளர் ஆகப் பார்த்தார்கள்!

எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகும் பதினான்கு நாளுக்குள் மனம் மாறலாம் என்பது அடுத்த விதி. "எங்கடை கலியாணத்துக்கும் உப்பிடி ஒரு சட்டம் இருந்திருக்கலாம்," என்பாள் இராஜேஸ்வரி. "எனக்குப் பதினைஞ்சாம் நாள்தானப்பா யோசனை வந்தது," என்பார் ஸ்ரீஸ்கந்தராசா. அந்த வீட்டில் இது பழைய பகிடி. ஆனாலும் இருவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார்கள்.

ஊருக்கெல்லாம் பெயரும் எண்ணும் சரிபார்த்துக் கொடுக்கிறவளின் சொந்தப் பெயர் மட்டும் தலைகீழாகக் கிடந்தது. தொண்ணூற்று மூன்றில் அவள் ஒஸ்லோவில் வந்து இறங்கியபோது, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக, கதிர்காமத்தம்பி இராஜேஸ்வரி என்று இருந்தது. நமக்கு அது வழமை. முன்னால் நிற்பது ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர் என்பது இங்கத்தைய வழமை. அதிகாரி தன் வழமைப்படி பதிந்தார். அந்த நிமிடத்திலிருந்து நோர்வே அரசாங்கத்துக்கு அவள் கதிர்காமத்தம்பி. முதல் வேலைநாளில் மேலாளர் பட்டியலைப் பார்த்து, "கதிர்காமத்தம்பி, அந்தச் சட்டிகளைக் கழுவு," என்றபோது, அப்பா வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாளாம்.

அப்பா சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சனம் 'மனேஜர் ஐயா' என்று சொல்லுமே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்ற பிள்ளைகள் வாயில் அந்தப் பெயர் வந்தால் வாயிலேயே போடுவார்கள். இங்கேயோ எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. பல் வைத்தியர் 'கதிர்காமத்தம்பி, வாயைத் திற' என்கிறார். வங்கியில் 'கதிர்காமத்தம்பி, இங்கே ஒரு கையெழுத்து' என்கிறார்கள். "அது அப்பான்ரை பேர், நான் ராஜி," என்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் நொந்துபோயிற்று. பெயரை முன்பின்னாகத் திருத்த ஒரு படிவம் போதும். அயலாரின் படிவமெல்லாம் நிரப்புகிறவள் அந்த ஒன்றை மட்டும் 'பிறகு பாப்பம்' என்று முப்பது வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஏனென்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டால், அடுப்பில் ஏதோ எரிகிறதென்று எழும்பிவிடுவாள்.

தொண்ணூற்றேழில், இடம்பெயர்ந்திருந்த இடத்தில், அப்பா காய்ச்சலில் காலமானார். செய்தி ஒன்றரை மாதம் பிந்தித்தான் இங்கே வந்தது. செத்தவீட்டுக்குப் போக வழியில்லை. மறுநாள் காலை அவள் வேலைக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தாள்.

இத்தனை நாளும் அந்தப் பெயரால் அவளுக்குக் கிடைத்த நன்மை ஒன்றே ஒன்று. விற்பனைக்காரர்கள் ரெலிபோனில், "கதிர்காமத்தம்பியோடு பேசலாமா?" என்று தடுமாறித் தடுமாறிக் கேட்பார்கள். "முடியாது. அவர் செத்துவிட்டார்," என்பாள். மறுமுனை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிடும். பொய்யும் இல்லை, வீண் பேச்சும் இல்லை. "அப்பா செத்தும் எனக்கு உதவி செய்யிறார்," என்று பக்கத்து வீட்டு மரியரஞ்சனியிடம் பெருமையாகச் சொல்வாள்.

2021 வசந்தத்தில் மாத்திற அக்கா எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தினாள். விலை ஏறாமல் கிடந்த பாட்டில் கிடந்த காலம் அது. அப்போது போய் மூன்று வருடத்துக்கு ஒரே விலை என்று ஒரு கொம்பனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டாள். "மாத்திற அக்கா மாறாமல் நிண்டிட்டா, வயசு போட்டுது," என்று சனம் நக்கலடித்தது. ஏன் செய்தாளென்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அந்த வருடம் இலையுதிர்ந்ததும் விலை ஏறத் தொடங்கியது. அடுத்த வருடக் குளிர்காலத்தில், செய்தி வாசிக்கிறவர்கள் காலநிலைக்கு முன் மின்சார விலையைச் சொல்லும் நிலை வந்தது. நக்கலடித்த வாயெல்லாம் மூடிக்கொண்டன. ஹொல்ம்லியாவின் வரிசை வீடுகளில் மின்சார ஹீற்றர்தான் சூடு. சனம் ஹீற்றரைக் குறைத்து, வீட்டுக்குள் தொப்பியும் காலுறையுமாகத் திரிந்தது. இராஜேஸ்வரி வீட்டில் மட்டும் ஸ்ரீஸ்கந்தராசா இடுப்பில் சாரத்தோடு, மேலில் துணியில்லாமல், சோபாவில் கிடந்தார்.

அதிர்ஷ்டத்தைத் தனியே அனுபவிக்க அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்து வைத்தாள். மரியரஞ்சனி கேக் அடிக்க மாவோடு வருவாள். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த சத்தியபாமா கணினியைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்து, குசினியில் அடுப்பருகே மேசையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்ப்பாள். பிள்ளைகள் பாடம் படிக்க, பெண்கள் சேலை அயன் பண்ண, ஆண்கள் சும்மா குளிர்காய என்று வீடு கலியாண வீடாகிவிட்டது. இருபத்தொன்பது வருடமாக அந்த நாட்டில் இருந்தவளுக்கு, அந்தக் குளிர்காலத்தைப் போலச் சந்தோசமான ஒரு குளிர்காலம் அமைந்ததில்லை. தைப்பொங்கலுக்கும் எல்லாரும் இங்கேதான் என்று மார்கழி பிறக்கும்போதே சொல்லிவிட்டாள். டிசம்பருக்கு மார்கழி, ஜனவரிக்குத் தை என்பது இங்கே நம் சனத்தின் கணக்கு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மார்கழி நடுவில் ஒரு மத்தியானம் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் அடித்தது.

"ஹாய்! கதிர்... கதிர்காமத்தம்பியா?" ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"இல்லை. அவர் செத்துவிட்டார்."

"ஐயோ, மன்னித்துக்கொள். நீ அவருக்கு என்ன முறை?"

"மகள்."

"இனி யாரும் அழைத்து உன்னைத் தொந்தரவு செய்யாதபடி பதிந்துவிடுகிறேன்."

"மிக்க நன்றி," என்றாள் இராஜேஸ்வரி மனதார. எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு புட்டைக் கொட்டினாள். எடுத்தது எந்தக் கொம்பனி என்று கேட்க வேண்டும் என்ற யோசனை புட்டின் ஆவியில் போயிற்று.

தை மூன்றாம் திகதி கடிதம் வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா உடைத்து வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தார்.

"இஞ்சரப்பா, நீர் செத்துப்போனீராம்."

"என்ன கோதாரி! எப்பவாம்?"

"போன மாதம் பதினாறாம் திகதி. அனுதாபம் தெரிவிச்சிருக்கினம்."

பறித்து வாசித்தாள். அவளுடைய சொந்தக் கொம்பனிதான். காலஞ்சென்ற கதிர்காமத்தம்பியின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபம் என்று தொடங்கியது கடிதம். வாடிக்கையாளர் இறந்தபடியால் நிலையான விலை ஒப்பந்தம் தை பதினைந்தாம் திகதியோடு முடிகிறது, குடும்பத்தார் இன்றைய விலையில் புதிய ஒப்பந்தம் செய்யலாம் அல்லது வேறு கொம்பனி பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தது. கம்பிக் கொம்பனியின் கடிதமும் கூடவே வந்திருந்தது. பதினாறாம் திகதி திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டுக்கு விற்பனையாளர் யாரும் இல்லை, மின்சாரம் நிற்காது, ஆனால் விலை கூடுதலாகும் என்று அதில் இருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, 'ஆழ்ந்த அனுதாபம்' என்ற அந்த வரியில் கண் போய் நின்றது. அப்பா செத்ததற்கு இந்த நாட்டில் யாரும் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. முதல் அனுதாபம் இருபத்தைந்து வருடம் பிந்தி மின்சாரக் கொம்பனியிடமிருந்து வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

இன்னும் பதினைந்து மாதம் கிடக்கிற ஒப்பந்தம் அது. போனால் போனதுதான், அந்த விலைக்கு இனி எவன் தருவான்? போனால் ஹீற்றர்களை நிறுத்த வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், மரியரஞ்சனியின் கேக்கும் சத்தியபாமாவின் கணினியும் தத்தம் குளிர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவள் உடனே ரெலிபோன் எடுத்தாள்.

"நான் சாகவில்லை," என்றாள்.

"யார் பேசுவது?"

"ராஜேஸ்வரி."

"ஒப்பந்தம் கதிர்காமத்தம்பியின் பெயரில் இருக்கிறது. இறந்துபோன வாடிக்கையாளரைப் பற்றி மற்றவர்களோடு பேச எங்களுக்கு அனுமதி இல்லை."

மூன்று தடவை எடுத்தாள், மூன்று பேர் இதையே சொன்னார்கள். எழுதிப் போட்டாள், உங்கள் துயரமான கடிதம் கிடைத்தது என்று கணினி பதில் அனுப்பியது. "நீர் அண்டைக்கே ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவள் பார்த்த பார்வையில் மனிதர் எழும்பிப் போய்ச் சாரத்துக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் ஓடிவிட்டது. குசினி மேசையில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த சத்தியபாமா, நிமிராமலே ஒன்று கேட்டாள்: "அது எப்படிக்கா? ஃபோன்ல சொன்னாப் போதுமா, செத்துப் போறதுக்கு?"

அகப்பையோடு நின்ற இராஜேஸ்வரி அப்படியே நின்றாள். "என்ன சொன்னனீர்? இன்னொருக்காச் சொல்லும்."

"இல்லக்கா, சும்மா..."

"சும்மா இல்லையடி பிள்ளை. உதுதான் விசயம்!" அடுப்பை நிறுத்தினாள். அடுத்த நாள் வேலைக்கு அரைநாள் லீவு சொன்னாள்.

மறுநாள் காலை பழைய கடவுச்சீட்டு, புதிய கடவுச்சீட்டு, ஒப்பந்தம், அனுதாபக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஹொல்ம்லியாவில் ரயிலேறி நகரத்துக்குப் போனாள். கொம்பனியின் கட்டடம் கண்ணாடிக் கட்டடம். வாடிக்கையாளர் யாரும் அங்கே நேரில் வருவதில்லையாம். வரவேற்பில் இருந்தவன், "என்ன விசயமாக?" என்று கேட்டான். "செத்த ஆளொன்று உயிரோடு வந்திருக்கிறது என்று சொல்," என்றாள். ஐந்து நிமிடத்தில் சிவந்த தாடியோடு ஒருவன் இறங்கி வந்து, வாடிக்கையாளர் பகுதி மார்க்கஸ் என்று கைகொடுத்தான். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் கணினியைத் திறந்தான்.

"கதிர்காமத்தம்பி எப்போது இறந்தார்?"

"தொண்ணூற்றேழில்."

அவன் திரையைப் பார்த்தான். "ஆனால் அவர் 2021இல் எங்களோடு ஒப்பந்தம் செய்திருக்கிறாரே."

"அது நான்."

"அப்படியானால் நீதான் கதிர்காமத்தம்பி."

"இல்லை. கதிர்காமத்தம்பி என் அப்பா. நான் ராஜேஸ்வரி."

"ராஜேஸ்வரி உங்கள் குடும்பப் பெயர் இல்லையா?"

"எங்கள் குடும்பத்தில் ராஜேஸ்வரி நான் ஒருத்திதான்."

மார்க்கஸ் கையிலிருந்த பேனையை மெல்ல மேசையில் வைத்தான். "இதில் யார் உயிரோடு இருப்பது?"

"உனக்கு முன்னால் இருப்பது."

கடவுச்சீட்டுகளை விரித்து வைத்து, பெயர் வந்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். புட்டுச் சட்டிவரை வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மார்க்கஸ், ஒன்று கேட்கிறேன். நீங்கள் என்னை ரெலிபோனில் அழைத்து ஒன்றை விற்கிறீர்கள். நான் 'யா' என்கிறேன். அது செல்லுமா?"

"இல்லை. நீ எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம்."

"ஒப்பந்தத்தைத் தொடங்க எழுத்து வேண்டும். ஆனால் ரெலிபோனில் யாரோ ஒருத்தி 'செத்துவிட்டார்' என்றால், என் ஒப்பந்தத்தை முடிக்க எழுத்து வேண்டாமா? எனக்கு மின்சாரம் விற்பதைவிட என்னைச் சாகடிப்பது சுலபமா?"

மார்க்கஸின் முகம் முழுக்கச் சிரிப்பாயிற்று. "ஒரு நிமிடம்," என்று மேலே ஓடினான். சட்டம் பார்க்கிறவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்களாம். மேலிருந்து ஒரு பெரிய சிரிப்புக் கேட்டது. திரும்பி வரும்போது அவன் கையில் இரண்டு கோப்பிக் கோப்பைகள் இருந்தன.

"நீ சொல்வது முழுக்கச் சரி. பிழை எங்களுடையது. பழைய ஒப்பந்தத்தை அதே விலைக்குத் திருப்பி எடுக்கிறேன். ஆனால் முடிவுத் திகதி மத்தியப் பதிவேட்டுக்குப் போய்விட்டது. ஞாயிறு முடிவதற்குள் அது திருந்த வேண்டும். திருந்தினால் உனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். நீ எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் எல்லாம் பழையபடி ஆகும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "பெயரை நேராக்க ஒரு படிவம் இருக்கிறது, தெரியுமா? அதைப் போட்டால் இந்தத் தொல்லை இனி வராது."

"தெரியும்," என்றாள் இராஜேஸ்வரி. "பிறகு பார்ப்போம்."

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை அவள் ரெலிபோனைக் குளியலறைக்கும் கொண்டுபோனாள். "ஹீற்றரைக் குறைக்கட்டோ?" என்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டபோது, "நாளைக்குச் சனம் வரும். பொங்கிற வீட்டிலை ஆரும் நடுங்கக் கூடாது," என்று வெட்டிப் பேசினாள். பேசிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் நடுக்கம். நாளையோடு இந்தக் கலகலப்பு முடிந்துவிடுமோ என்று நினைக்க அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு நிறைந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து, கதவு முழுதாகத் திறக்கவில்லை. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே வேட்டியும் சேலையுமாக இருபத்துமூன்று பேர். மின்னடுப்பில் பானை ஏறிப் பால் பொங்கி வழிந்தபோது, "பொங்கலோ பொங்கல்" என்று எழுந்த சத்தத்தில் கூரையிலிருந்த புகைமணியும் சேர்ந்து கத்தத் தொடங்கியது. ஒரு துவாயை வீசி அதை அடக்குவதற்குள் மரியரஞ்சனியின் கணவருக்கு வியர்த்துவிட்டது. படைத்து, கும்பிட்டு, எல்லாரும் கையில் தட்டோடு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தபோது இராஜேஸ்வரியின் ரெலிபோன் 'டிங்' என்றது. ஞாயிறென்றும் பொங்கலென்றும் கணினிக்குத் தெரியாது.

"வந்திட்டுதோ அக்கா?" என்று மரியரஞ்சனி கத்தினாள். "சத்தமா வாசியுங்கோ!"

இராஜேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோர்வே மொழியிலிருந்ததைத் தமிழாக்கி வாசித்தாள். "வணக்கம் கதிர்காமத்தம்பி. நீ திரும்பி வந்தது எங்களுக்கு மிகுந்த சந்தோசம். உன்ரை ஒப்பந்தம் முந்தின விலையிலேயே, அடுத்த வரியம் சித்திரை வரைக்கும் இருக்கும். இது நீதான் எண்டதை உறுதிப்படுத்த, 'யா' எண்டு பதில் எழுதவும்."

வீடு ஆர்ப்பரித்தது. சத்தியபாமா துள்ளிக் குதித்தாள். "சீக்கிரம் போடுங்கக்கா, டைம் போயிடப் போகுது!"

இராஜேஸ்வரி விரலைத் தூக்கினாள். தூக்கிய விரல் அப்படியே நின்றது. சிரித்துக்கொண்டிருந்த கண்ணில் நீர் கட்டியது. ஸ்ரீஸ்கந்தராசா தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னப்பா?"

"முப்பது வரியமா உந்தப் பேரைச் சொல்லி ஆர் கேட்டாலும், இல்லை, நானில்லை, செத்திட்டார் எண்டுதான் சொல்லியிருக்கிறன்." அவள் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இப்ப ஒருத்தன், திரும்பி வந்திட்டீங்களோ, சந்தோசம், வாங்கோ எண்டு அப்பாவைக் கூப்பிடுறான். இஞ்சை பாருங்கோவன், எழுத்திலை இருக்கு. நான் ஏன் அந்தப் படிவத்தை நிரப்பேல்லை எண்டு கேக்கிறனீங்கள். நிரப்பினால் இந்த நாட்டிலை அவற்றை பேரைச் சொல்ல ஆர் இருக்கினம்?"

ஸ்ரீஸ்கந்தராசா வேட்டித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாமாவை வாசலிலை நிப்பாட்டி வைக்காதையும். வெளியிலை குளிர். உள்ளுக்கை வரச் சொல்லும்."

இராஜேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, 'யா' என்று எழுதி அனுப்பினாள்.